செங்கோட்டைச் சுவர்களும் புற ஊதாக் கேமராவும்

வெள்ளை நிறப் பொருட்களை வைத்து ஒரு படத்தொடர் செய்து வருகிறேன். அதற்காகச் சில ஆண்டுகளாகப் புற ஊதா ஒளியில்தான் படமெடுக்கிறேன். செங்கோட்டை, புளியரை, சுந்தரபாண்டியபுரம் என்று கேரள எல்லையை ஒட்டிய ஊர்களே களம். இந்தக் கருவிகளில் காசு போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். பூக்களுக்காக மட்டும் என்றால் ஒரு பருவத்திலேயே அலுத்துவிடும். ஒரு பொருளின் மேற்பரப்பு எதனால் ஆனது என்று அறியும் ஆசை உள்ளவருக்கு இதைவிட நல்ல முதலீடு எனக்குத் தெரியவில்லை.

டிஜிட்டல் கேமராவின் சென்சாருக்கு முன்னால் புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கும் கண்ணாடி ஒன்று இருக்கும். அதை நீக்கிய பழைய மிரர்லெஸ் கேமராதான் என்னிடம் இருப்பது. லென்ஸ், எல்-நிக்கோர் 80 மி.மீ. எஃப்/5.6-இன் பழைய உலோக வடிவம். இருட்டறையில் படத்தைப் பெரிதாக்குவதற்கென்று செய்யப்பட்டது. இன்றைய லென்ஸ்கள் பல தடுத்துவிடும் கதிர்களை இந்த எளிய லென்ஸ் தாராளமாக உள்ளே விடுகிறது. குவார்ட்ஸ், ஃபுளோரைட் கொண்டு செய்த யுவி-நிக்கோர் 105 மி.மீ. இன்னும் மேல், ஆனால் அதன் விலை என்னைப் போன்றவர்களுக்கு எட்டாதது.

பணத்தை ஃபில்டரில்தான் போட வேண்டும். பாடர் யு என்ற ஃபில்டர் ஏறக்குறைய 320 முதல் 390 நானோமீட்டர் வரையிலான ஒளியை மட்டும் விடும். மலிவான கருஊதா ஃபில்டர்கள் அகச்சிவப்பையும் கசியவிடும். சோதிப்பது எளிது: ஒரு வேப்பங்கொத்தைப் படமெடுங்கள். இலை கறுத்திருந்தால் சரி. வெளுத்துத் தெரிந்தால் நீங்கள் எடுத்தது அகச்சிவப்புப் படம். வெண்சமநிலைக்கு (ஒயிட் பேலன்ஸ்) தனி அட்டை வாங்க வேண்டியதில்லை. குழாய் மரையில் சுற்றும் டெஃப்லான் டேப்பைப் பல மடிப்பாக மடித்து வைத்தால் போதும். டெஃப்லான் புற ஊதாவைச் சீராகப் பிரதிபலிக்கும். இந்த ஃபில்டர் வழியாக ஒருபோதும் சூரியனைப் பார்க்காதீர்கள். கண்ணுக்கு இருட்டாகத் தெரிந்தாலும் கதிர் உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

உச்சி வெயிலிலும் ஷட்டரை அரை விநாடி, ஒரு விநாடி என்று திறந்து வைக்க வேண்டியிருக்கிறது. எங்கள் ஊரில் அதுதான் பெரும்பாடு. சாரல் காலத்தில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்று ஒரு பூவையும் நிற்கவிடாது. சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூப்பதும் அதே மாதங்களில்தான். காற்று மூச்சுவிடும் நேரம் பார்த்துக் காத்திருந்து எடுத்தால் பலன் உண்டு. நம் கண்ணுக்கு முழு மஞ்சளாகத் தெரியும் இதழின் நுனி வெளுத்தும் அடி கறுத்தும் வந்து, நடுவில் பெரிய கரு வட்டம் விழுகிறது. தேனீயின் கண் புற ஊதாவை உணரும்; அந்த வட்டம் அதற்கு வழிகாட்டி.

பின்னணியில் மலை வேண்டும் என்பவர்கள் இந்த முறையை மறந்துவிடுங்கள். அலைநீளம் குறையக் குறைய காற்றில் ஒளி மிகுதியாகச் சிதறும். கண்ணெதிரே நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலை படத்தில் வெளிறி மறைந்துவிடுகிறது. வானமே பெரிய விளக்காகிவிடுவதால் நிழலும் மெலிந்துவிடும். அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் 1910-இலேயே இப்படிப்பட்ட படங்களை வெளியிட்டிருக்கிறார்.

என் தொடருக்கு உயிர் கொடுத்தவை சுவர்கள். செங்கோட்டை திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்த ஊர். அந்தக் காலத்து ஓட்டு வீடுகள் சில இன்னும் நிற்கின்றன. அப்படி ஒரு வீட்டுத் திண்ணைச் சுவர், நேரில் பார்த்தால் ஒரே வெள்ளை. படத்தில் பெரும்பகுதி பளிச்சென்று வந்தது. ஜன்னலுக்குக் கீழே முழ அகலத்துக்குக் கரிபோல ஒரு திட்டு. அதன் ஓரத்தில் பிரஷ் இழுத்த கோடுகள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன. வெள்ளையடிக்கும் அண்ணாச்சி ஒருவரிடம் காட்டினேன். "தம்பி, அது சுண்ணாம்பு இல்லை. கடைப் பெயின்டை வைத்து ஒட்டுப்போட்டிருக்கிறார்கள்" என்று பார்த்தவுடனே சொன்னார்.

காரணம் வேதியியலில் இருக்கிறது. அடித்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக் கால்சியம் கார்பனேட்டாக இறுகும். அது புற ஊதாவைத் திருப்பி அனுப்பும். வெள்ளைப் பெயின்டில் இருக்கும் டைட்டானியம் டைஆக்சைடு அதை விழுங்கிவிடும். வெளுப்பூட்டி கலந்த சலவைத்தூளில் துவைத்த வேட்டியும் இதேபோல இருண்டு வருகிறது. வெள்ளைப் பூக்களிலும் பெரும்பாலானவை அப்படித்தான். புற ஊதாவை உமிழும் கறுப்பு விளக்கின் கீழ் வேட்டி ஒளிர்வது வேறு. அங்கே பதிவாவது, விழுங்கிய கதிர் கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திரும்புவது. இரண்டையும் ஒன்றாக்கி எழுதுபவர்களை நம்பி விளக்கு வாங்கிவிடாதீர்கள். நான் செய்யும் வேலைக்கு வெயிலே போதும்.

குறை என்றால், படங்களின் விவரம் மென்மையாகவே இருக்கும்; பெரிய அச்சுக்கு அதை ஏற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும். புற ஊதாவுக்குக் குவியப்புள்ளியும் சற்று விலகும் என்பதால் ஃபில்டரை மாட்டிய பிறகு, திரையில் பெரிதாக்கிப் பார்த்துக் குவியுங்கள். சாரல் காலத்தில் ஃபில்டரைச் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். இவ்வகைக் கண்ணாடிகள் சிலவற்றின் மேல் ஈரம் பட்டுப் படலம் படியும், எளிதில் போகாது.