கழுத்துல நெறி கட்டுன குழந்தைங்களுக்கு விக்கிற "லிம்ஃபோமா ரிஸ்க்" பிளட் டெஸ்ட் பேக்கேஜ்: என் ரிவ்யூ

5க்கு 2 ஸ்டார். அந்த ரெண்டும் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்த பொண்ணுக்கு.

லேப் பேர் போடல, எனக்கு கோவம் பேக்கேஜ் மேல தான். லிம்ஃபோமான்னா லிம்ஃபோசைட்ங்கிற வெள்ளை அணுக்கள்ல வர்ற கேன்சர். பையனுக்கு ஆறு வயசு. தொண்டை வலி காய்ச்சல் எல்லாம் சரியாகியும் கழுத்துல நெறி கட்டுனது மட்டும் இறங்கல, ஆப்ல "குழந்தை கழுத்துல கட்டியா? நாள்பட்ட தொற்று கேன்சர் ஆகலாம், இப்பவே டெஸ்ட் பண்ணுங்க"ன்னு விளம்பரம் வந்துச்சு, வீட்டுக்காரர் அத பாத்த உடனே புக் பண்ணிட்டார். மூவாயிரத்துக்கு மேல.

சர்வீஸ்ல குறை இல்ல. சொன்ன நேரத்துக்கு வந்தாங்க, பட்டர்ஃப்ளை நீடில், ஒரே குத்து, பையன் அழறதுக்குள்ள வேலை முடிஞ்சுது. ரிப்போர்ட் மறுநாளே வாட்ஸ்அப்ல வந்துச்சு. அதுல "ஈபிவி விசிஏ ஐஜிஜி பாசிட்டிவ்"னு சிவப்பு எழுத்து, கீழயே "இந்த வைரஸ் லிம்ஃபோமாவுடன் தொடர்புடையது"ன்னு ஒரு வரி. வேற விளக்கம் எதுவும் கிடையாது. ஃபோன் பண்ணா அடுத்த லெவல் பேக்கேஜ் எடுங்க மேடம்ங்கிறாங்க. அன்னைக்கு ராத்திரி வீட்ல யாரும் தூங்கல.

அந்த வரி பொய்யில்ல. ஆனா பாதி விஷயத்த முழுங்கிட்டு சொல்ற வரி. ஈபிவின்னா எப்ஸ்டீன் பார் வைரஸ், விசிஏ அதோட மேல் ஓட்டுல இருக்கிற புரதம், ஐஜிஜி அதுக்கு எதிரா உடம்பு உண்டாக்குற ஒரு வகை ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம். உகாண்டாவுல கம்பாலா முலாகோ ஆஸ்பத்திரியில டெனிஸ் பர்கிட்னு ஒரு சர்ஜன், தாடை வீங்கி வந்த குழந்தைங்கள பாத்துட்டு 1958ல எழுதுறார், பின்னாடி அவர் பேர்லயே பர்கிட் லிம்ஃபோமான்னு ஆன கேன்சர் கட்டி அது. அப்புறம் ஒரு பழைய காரை எடுத்துக்கிட்டு ஆப்பிரிக்காவுல ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா போய் இந்த கட்டி எங்கெல்லாம் வருதுன்னு மேப் போட்டார், சூடும் மழையும் அதிகமா இருக்கிற இடத்துல தான் வருதுன்னு தெரிஞ்சுது, அதாவது மலேரியா விடாம அடிக்கிற ஏரியா. 1961ல லண்டன்ல அவர் பேசினத கேட்ட ஆண்டனி எப்ஸ்டீன், கட்டியோட சாம்பிள வரவழைச்சு தேடினார். 1964ல அவரும் இவோன் பாரும் பெர்ட் அச்சோங்கும் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல வைரஸ கண்டுபிடிச்சாச்சு. மனுஷனுக்கு கேன்சர் வர்றதுல பங்கு இருக்குன்னு தெரிஞ்ச முதல் வைரஸ் இது தான்.

லேப்காரங்க சொல்லாம விட்டது இதுக்கு அப்புறம் வருது. உலகத்துல பெரியவங்கள்ல நூத்துக்கு தொண்ணூறு பேருக்கு மேல இந்த வைரஸ் உடம்புல இருக்கு. எச்சில்ல பரவும், நம்ம ஊர் மாதிரி இடத்துல சின்ன வயசுலயே வந்துட்டு சாதாரண காய்ச்சலா போயிடும். ஐஜிஜி பாசிட்டிவ்னா "எப்பவோ வந்துச்சு"ன்னு மட்டும் தான் அர்த்தம். எனக்கும் பாசிட்டிவ் தான் இருக்கும், அந்த ஃபோன் எடுத்த பையனுக்கும் பாசிட்டிவ் தான் இருக்கும்.

அப்ப ஏன் அந்த ஏரியா குழந்தைங்களுக்கு மட்டும் அவ்வளவு வருது? அங்க தான் நாள்பட்ட தொற்று விஷயம். ஃபால்சிபாரம்ங்கிற கடுமையான வகை மலேரியா திரும்பத் திரும்ப வர்றப்ப ஈபிவிய அடக்கி வச்சிருக்கிற எதிர்ப்பு சக்தி தளர்ந்துடுது, இன்னொரு பக்கம் ஆன்டிபாடி உண்டாக்குற வெள்ளை அணுக்களான பி செல்லுங்க ஓயாம பெருகுது, அப்படி பெருகுற இடத்துல டிஎன்ஏ வெட்டி ஒட்டுறதுல தப்பு நடந்து மிக்ங்கிற ஜீன் 8வது குரோமோசோம்ல இருந்து பெரும்பாலும் 14வதுக்கு இடம் மாறி, செல்ல நிறுத்தாம ஓட விட்டுடுது. வைரஸ் மட்டும் இருந்தா பத்தாது. உகாண்டாவுலயே 70கள்ல சுமார் 42,000 குழந்தைங்ககிட்ட ரத்தம் எடுத்து வச்சு வருஷக்கணக்கா கவனிச்சாங்க. பின்னாடி கட்டி வந்த குழந்தைங்களுக்கு முன்னாடியே இந்த விசிஏ ஆன்டிபாடி அளவு அதிகமா இருந்துச்சு, உண்மை தான், ஆனா கட்டி வந்தது இருபது பேருக்கும் கம்மி. மலேரியா மையத்துலயே இந்த கதைன்னா, அங்க இருந்து இவ்வளவு தூரத்துல என் பையனுக்கு வெறும் பாசிட்டிவ் நெகட்டிவ் பாத்து என்ன ரிஸ்க் சொல்லப் போறாங்க? மலேரியா இல்லாத ஐரோப்பா, அமெரிக்காவுல வர்ற பர்கிட் கட்டிங்கள்ல பெரும்பாலானதுல இந்த வைரஸே இருக்காது.

பேக்கேஜ்ல ஹெச். பைலோரிங்கிற வயித்துக் கிருமிக்கான ஆன்டிபாடி டெஸ்ட்டும் சேத்திருக்காங்க. அந்தக் கிருமி வயித்துல வர்ற ஒரு வகை லிம்ஃபோமாவுக்கு காரணம், ஆரம்ப கட்டத்துல அந்த கிருமிய ஆன்டிபயாடிக் குடுத்து அழிச்சாலே பல பேருக்கு கட்டி கரையும், நிஜமாவே ஆச்சரியமான விஷயம். ஆனா அது பெரியவங்க வியாதி, கழுத்துல நெறி கட்டுனதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு எனக்கு இன்னும் புரியல.

இந்தியாவுல குழந்தைங்களுக்கு வர்ற ஹாட்ஜ்கின்ங்கிற இன்னொரு வகை லிம்ஃபோமாவுல பெரும்பாலும் ஈபிவி இருக்குன்னு எங்க குழந்தை டாக்டரே சொன்னாங்க. அத பாக்குறது பயாப்ஸிக்கு வெட்டி எடுத்த கட்டித் துண்டுக்குள்ள, ரத்தத்துல இல்ல. அவங்க ரிப்போர்ட்ட ஓரமா வச்சுட்டு கழுத்து, அக்குள், வயிறு, தொடை இடுக்கு எல்லாம் தொட்டுப் பாத்தாங்க, சிபிசியும் (ரத்த அணு எண்ணிக்கை) ஸ்மியரும் (ரத்தத்துளிய மைக்ராஸ்கோப்ல பாக்குறது) எழுதிக் குடுத்தாங்க, மொத்த செலவு பேக்கேஜ்ல கால்வாசி கூட இல்ல. சில வாரத்துல நெறி தானா இறங்கிடுச்சு.

எப்ப பயப்படணும்னு கேட்டு எழுதி வாங்கிக்கிட்டேன்: ரெண்டு சென்டிமீட்டருக்கு மேல இருந்து குறையாம வளர்றது, வலியே இல்லாம கல்லு மாதிரி கெட்டியா இருக்கிறது, காலர் எலும்புக்கு மேல வர்றது, கூடவே காரணமில்லாத காய்ச்சல், ராத்திரி வேர்வை, எடை குறையறது. வயிறு, தாடை திடீர்னு வீங்குனா காத்திருக்கவே கூடாது, பர்கிட் கட்டி ஒண்ணு ரெண்டு நாள்லயே ரெண்டு மடங்கு ஆகக்கூடியது. பயாப்ஸி எடுக்காம குத்துமதிப்பா டிபி மாத்திரையோ ஸ்டீராய்டோ ஆரம்பிக்க விடாதீங்கன்னும் சொன்னாங்க, ஸ்டீராய்டு கட்டிய தற்காலிகமா சுருக்கி நோயையே மறைச்சிடுமாம்.

காசு திருப்பிக் கேட்டேன். கிடையாதாம். அதுக்குப் பதிலா ஆறு மாசம் கழிச்சு இதே ஐஜிஜி டெஸ்ட்ட ஃப்ரீயா பண்ணித் தர்றாங்களாம், ஆயுசுக்கும் பாசிட்டிவாவே வரப்போற டெஸ்ட்ட.