ஒழுகும் பழைய கார்: அடைப்பதா, திறப்பதா?

ஐப்பசி பிறந்தால் குன்னூரில் நான் நனைவதற்கு முன்பே என் கார் நனைந்துவிடும். காலையில் கதவைத் திறந்ததும் அது முதலில் மூக்குக்குத் தெரியும்: ஊறிய கோணிச் சாக்கின் வாசனை. பிறகு காலுக்குத் தெரியும். இடது பக்க முன் சீட்டுக்குக் கீழே கால்மிதி மேட்டை மிதித்தால் சளக் என்று ஒரு சத்தம் வரும். அங்கே கால் வைப்பவர் என் மனைவி என்பதால் புகாருக்குப் பஞ்சமில்லை.

நீலகிரியின் மேற்குப் பக்கத்துக் கூடலூர், தேவாலாக்காரர்களுக்கு இந்தப் பாடு ஆனியிலேயே தொடங்கிவிடும். தென்மேற்குப் பருவமழை அவர்கள் பக்கம் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தபோது ஒழுகலைப் பற்றிப் பேசவே யாருக்கும் நேரமிருந்திருக்காது. குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்கு மழைதான் சோதனை. எந்த மழையானாலும் இருபத்தைந்து வயது தாண்டிய காருக்கு மலையில் மூன்று எதிரிகள்: நாள்கணக்கில் விடாத தூறல், கூரைமேல் உதிரும் இலை, எப்போதும் சரிவிலேயே நிற்க வேண்டிய நிலை. சமவெளியில் எழுதப்பட்ட அறிவுரைகள் கடைசி இரண்டையும் கணக்கில் எடுப்பதில்லை.

எனக்கு மூன்று யோசனைகள் கிடைத்தன. "ஒரு சிலிக்கான் டியூப் வாங்கிப் பூசிவிடுங்கள் மாமா" என்றார் மைத்துனர். "முன் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங்கையே மாற்றிவிடலாம்" என்றது ஒரு பட்டறை. ஓய்வுபெற்ற பஸ் டிரைவரான பக்கத்து வீட்டு அண்ணன் மட்டும், "தண்ணீர் எங்கே நிற்கிறது என்று சொல்கிறீர்கள். எங்கே நுழைகிறது என்று பார்த்தீர்களா சார்?" என்று கேட்டார். நான் செய்த தவறு, மூன்றையும் இதே வரிசையில் கேட்டு நடந்தது.

தேடும் முன் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். அது மழைத் தண்ணீர்தானா? நம் ஊர்க் கார்களில் பெரும்பாலும் இடது முன் பக்கத்து டேஷ்போர்டுக்குள்தான் காற்றூதியும் ஏ.சி.யின் குளிர் பெட்டியும் இருக்கும். ஹீட்டரும் அதை ஒட்டியே இருக்கும். ஹீட்டருக்குள் ஓடும் கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், கசிந்தால் ஈரம் விரலில் பிசுபிசுக்கும், லேசான இனிப்பு வாசனை வரும், கண்ணாடியில் எண்ணெய்ப் படலம்போல ஆவி படியும். ஏ.சி.யின் வடிகுழாய் அடைத்தால் தெளிந்த தண்ணீர் உள்ளேயே சொட்டும். இந்த இரண்டாவது மலைக்காரர்களை நன்றாக ஏமாற்றும். இங்கே நாம் ஏ.சி. போடுவதே இல்லை. கோயம்புத்தூர் போய் வரும்போது போடுகிறோம். பர்லியாறு தாண்டி மேலே ஏறும்போது மழை பிடித்துக்கொள்கிறது, மறுநாள் மேட் நனைந்திருக்கிறது, பழி மழைமேல் விழுகிறது. அந்தக் குழாயில் ஒரு மெல்லிய கம்பியைப் பதமாகவிட்டால் தீர்ந்துவிடும் விஷயத்துக்குக் கண்ணாடியைக் கழற்றியவர்கள் உண்டு.

மழைதான் என்று உறுதியானால், நுழையும் இடத்தைப் பிடிக்க நான்கு வழிகளைச் சொல்வார்கள்.

மிக மலிவானது காகிதச் சோதனை. பத்து ரூபாய்த் தாளைக் கதவு ரப்பரில் வைத்துக் கதவை மூடி இழுக்க வேண்டும். இறுக்கமாக வந்தால் ரப்பர் அழுத்துகிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் செத்துவிட்டது. கதவைச் சுற்றி ஒரு சாண் இடைவெளியில் செய்ய ஐந்து நிமிடம் போதும். இதன் அண்ணன் பவுடர் சோதனை. ரப்பரைத் துடைத்து உலர்த்தி, முகப்பவுடரைத் தூவி, கதவை மூடி வெளியே தண்ணீர் ஊற்றினால், உள்ளே வந்த தண்ணீர் பவுடரில் கோடு போட்டுக் காட்டும். இரண்டும் கதவுக்கும் டிக்கிக்கும் மட்டும்தான். கண்ணாடிக்கோ கூரை மடிப்புக்கோ பயன்படாது. பனி இறங்கும் நாளில் பவுடர் தானாகவே களியாகிவிடும் என்பதையும் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

சோப்பு நுரை வழி சாமர்த்தியமானது. வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்து, காற்றூதியை முழு வேகத்தில் ஓடவிட்டு, எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட வேண்டும். பிறகு வெளியே கண்ணாடி விளிம்பிலும் மடிப்புகளிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தால், இடுக்கு இருக்கும் இடத்தில் குமிழி கிளம்பும். சைக்கிள் டியூப் பஞ்சர் பார்க்கும் அதே கணக்கு. ஆனால் காருக்குள் அடைபடும் காற்று வெளியேறப் பின்பக்கம் தனி வழி உண்டு. அதைத் தற்காலிகமாக டேப்பால் மூடாவிட்டால் அழுத்தமே ஏறாது. பழைய காற்றூதிக்கு மூச்சும் குறைவு. என் காரில் முன் கண்ணாடியின் வலது மேல் மூலையில் இரண்டு குமிழிகள் வந்தன. கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ளினேன். அங்கே ஒழுகியது உண்மைதான். ஆனால் இடது பக்க வெள்ளத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கடைசியில் நம்பியது ரப்பர் குழாயை. உள்ளே ஒருவர் டார்ச்சோடு. வெளியே ஒருவர் குழாயோடு. குழாய் முனையில் எதுவும் வேண்டாம், தண்ணீர் தளதளவென்று வழிந்தால் போதும். வாட்டர் சர்வீஸ் கடையில் அடிக்கும் வேகத் தண்ணீர் நல்ல ரப்பரையும் தூக்கிக்கொண்டு உள்ளே போகும். அந்தச் சோதனையில் எந்தக் காரும் தேறாது. முக்கியமான விதி, கீழிருந்து மேலே போவது. மேலே தொடங்கினால் வழியும் தண்ணீர் கீழே உள்ள எல்லா இடுக்குகளையும் நனைத்து, எது குற்றவாளி என்று சொல்ல முடியாமல் செய்துவிடும். ஓர் இடத்துக்கு ஐந்து நிமிடமாவது பொறுக்க வேண்டும். முன்னதாக மேட், கார்பெட், கால்பக்க அட்டை ஆகியவற்றைக் கழற்றி வெறும் தகரம் தெரியும்படி வைத்தால்தான் சொட்டின் பாதை தெரியும்.

இங்கேதான் மலை ஒரு வேலை காட்டியது. முதல் நாள் பட்டறையின் சமதரையில் அரை மணி நேரம் ஊற்றினோம், ஒரு சொட்டு வரவில்லை. வீட்டில் வண்டி மூக்கைக் கீழே வைத்துச் சரிவில் நிற்கும். அதேபோல நிறுத்தி, கதவுக்கு ஊற்றி, கண்ணாடியின் அடிவிளிம்புக்கு வந்த மூன்றாவது நிமிடத்தில் உள்ளே இருந்த அண்ணன் குரல் கொடுத்தார். காற்றூதியின் பெட்டியிலிருந்து தாரையாக இறங்கியது.

காரணம் ஓட்டை இல்லை. வைப்பருக்குக் கீழே ஒரு சல்லடை, அதன் அடியில் தொட்டிபோல ஒரு பள்ளம். கண்ணாடியில் வழியும் தண்ணீர் அதில் விழுந்து இரு ஓரத்துத் துளைகள் வழியாகத் தரைக்குப் போக வேண்டும். காருக்குள் வரும் காற்றும் அதே பள்ளத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது. துளை அடைத்தால் நீர்மட்டம் உயர்ந்து காற்று வழியிலேயே உள்ளே இறங்கும். சல்லடையைக் கழற்றியபோது கற்பூர மர (யூகலிப்டஸ்) இலைகள் மேலே கிடந்தன. அவை பெரியவை, உள்ளே போகாது. போனது சீகை (வாட்டில்) மரத்தின் பொடி இலை. சல்லடைக் கண்ணில் புகுந்து, மண்ணோடு சேர்ந்து, சாணம்போல இறுகியிருந்தது. இரண்டு கை நிறைய அள்ளினேன். சிலிக்கானுக்கும் பீடிங்குக்கும் ஏற்கெனவே செலவழித்த பணம் அப்போது நினைவுக்கு வந்தது.

அதனால் தீர்வுகளை ஒப்பிட்டால் முதலிடம் வடிகாலைத் திறப்பதற்கே. செலவில்லை, தப்பாகச் செய்தாலும் கெடுதல் இல்லை. கதவும் இப்படித்தான். கண்ணாடியோடு வழியும் தண்ணீர் கதவுக்குள் இறங்குவது குறையல்ல, அமைப்பே அப்படி. அடியில் உள்ள துளைகள் வழியே அது வெளியேறும். கதவைத் திறந்து மூடும்போது உள்ளே குடம் குலுங்கும் ஓசை கேட்டால் துளைகள் அடைத்துவிட்டன என்று பொருள். துளை திறந்திருந்தும் கதவோரக் கார்பெட் நனைந்தால், உள்பக்க அட்டைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைப் பார்க்க வேண்டும். கண்ணாடி ஏற்றும் கைப்பிடியைப் பழுது பார்த்தவர் அதைக் கிழித்து எறிந்திருப்பார், அல்லது பாதி ஒட்டியும் ஒட்டாமலும் விட்டிருப்பார்.

உண்மையிலேயே அடைக்க வேண்டிய இடங்களில் எதைக் கொண்டு அடைப்பது? வினிகர் வாடை வீசும் சாதாரணச் சிலிக்கான் குளியலறைக்கு உரியது. உலரும்போது அது விடும் அமிலம் பெயிண்ட் போன தகரத்தை அரிக்கும். அதைவிடக் கெடுதல், அது இருந்த இடத்தில் பிறகு பெயிண்ட் உட்பட எதுவும் ஒட்டாது. மைத்துனரின் யோசனைப்படி பூசியதைச் சுரண்டி எடுக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போனது. பிசைந்து ஒட்டும் எபாக்ஸி கல்லாக இறுகும். பிளாஸ்டிக் தொட்டிக்குச் சரி, குலுங்கி முறுக்கும் கார் உடம்பில் விளிம்போடு விரிசல் விடும். கூரை மடிப்புக்கும் தகர இணைப்புக்கும் பாலியூரித்தேன் சீலண்ட் நல்லது: ரப்பர்போல நெகிழும், மேலே பெயிண்ட் அடிக்கலாம். கதவின் பிளாஸ்டிக் தாளுக்கும் பின் விளக்குக்கும் பியூட்டைல் டேப். அது என்றும் இறுகாமல் பிசினாகவே இருப்பதால் அடுத்த முறை கழற்றி மறுபடி ஒட்டலாம்.

பீடிங் மாற்றுவது கடைசியில் வர வேண்டிய செலவு. ஆனால் வேண்டிய இடத்தில் அதற்கு மாற்று இல்லை. ரப்பர் வயதாகிச் சுருங்கும்போது மூலைகளில்தான் முதலில் இடைவெளி விடும். பட்டறையில் கேட்க வேண்டிய கேள்வி, ரப்பரின் விலை அல்ல, "கண்ணாடியைக் கழற்றிய பிறகு தகர விளிம்பைச் சுத்தம் செய்வீர்களா?" என்பது. பழைய ரப்பருக்கு அடியில் துரு அநேகமாக இருக்கும். அதைச் சுரண்டி பிரைமரும் பெயிண்டும் அடித்துக் காயவிடாமல் புது ரப்பரைப் போட்டால் அடுத்த பருவத்தில் அதே மூலையில் ஒழுகும். எனக்குப் போட்டுக் கொடுத்த பட்டறை அதைச் செய்யவில்லை. அந்த இரண்டு குமிழிகள் வந்தது அதனால்தான். நல்ல டிங்கர் ரப்பரின் பள்ளத்தில் நைலான் கயிற்றைச் சுற்றி வைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, ஒருவர் வெளியே கண்ணாடியை அழுத்த, உள்ளிருந்து கயிற்றை மெல்ல உருவுவார். திருப்புளியால் நெம்புகிறவரிடம் கண்ணாடியைக் கொடுக்காதீர்கள்.

உலர்த்துவது தனிப் போராட்டம். கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் கம்பளிப் பட்டை பஞ்சுபோல லிட்டர் கணக்கில் குடித்துவைத்திருக்கும். மேலே தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும், கீழே தகரம் துருப்பிடித்துக்கொண்டிருக்கும். ரப்பர் மேட்டை அதன்மேல் விரித்தால் மூடி போட்டதாகிவிடும். ஹீட்டரை ஓடவிட்டு உலர்த்தலாம் என்பார்கள். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கினால் மட்டுமே அது பலிக்கும், இல்லாவிட்டால் கிளம்பிய ஆவி கூரையில் படிந்து திரும்பவும் சொட்டும். குன்னூர்ப் பனியில் நாலு நாள் கொடியில் கிடந்த கார்பெட் காயவில்லை. சுருட்டிக் கட்டி, மேட்டுப்பாளையத்தில் உறவினர் வீட்டு மொட்டை மாடியில் போட்டேன். ஒரே பகல் வெயில் போதுமாக இருந்தது.

கதவு ரப்பருக்கு வாசலின் தடவும் பழக்கம் பலருக்கு உண்டு. அது ரப்பரை ஊதிப் பதமிழக்கச் செய்யும். சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகத் தடவினால் ஜனவரி உறைபனியில் கதவு ஒட்டிக்கொள்வதும் குறையும்.

இப்போது முன்பக்கம் காய்ந்திருக்கிறது. மாதம் ஒருமுறை சல்லடைக்குள் கை விட்டுப் பார்க்கிறேன். டிக்கியில் மட்டும், வண்டி மூக்கை மேலே வைத்து நின்றால், வலது பின் விளக்கு வழியாக அரை டம்ளர் தண்ணீர் சேர்கிறது. பியூட்டைல் டேப் ஊரில் கிடைக்கவில்லை, கோயம்புத்தூரில் சொல்லியிருக்கிறேன். அது வரும்வரை ரிவர்ஸில் ஏற்றி நிறுத்துகிறேன்.