கிரெயின்-ஃப்ரீ டப்பா நாய் சாப்பாடு: சில வருஷமா வாங்கிப் போட்டதுல தெரிஞ்சது

எங்க வீட்ல இருக்கறது அமெரிக்கன் காக்கர் ஸ்பானியல், பேரு லட்டு, கருத்தடை ஆனவன், 12 கிலோ சுத்தி இருப்பான். நாங்க இருக்கறது நியூஜெர்சில, இங்க பெட் கடைக்குள்ள போனா டப்பா ஷெல்ஃப் முழுக்க கிரெயின்-ஃப்ரீ, கிரெயின்-ஃப்ரீன்னு, அதாவது தானியம் சேர்க்காததுன்னு, கொட்டை எழுத்துல போட்டிருக்கும். லட்டுவுக்கு காது அரிப்பு விடாம இருந்துச்சு, கால் விரல நக்கிட்டே கிடப்பான், கடைல ஒருத்தர் இதெல்லாம் கோதுமை சோளத்தாலதான்னு சொன்னாரு, அப்படித்தான் இந்த டப்பா வீட்டுக்குள்ள வந்துச்சு. பிராண்ட் பேர் எதுவும் இதுல எழுதப் போறதில்ல, ஏன்னா ஒரே கம்பெனில ஒரு டப்பா அருமையா இருக்கும், பக்கத்துலயே இருக்கற இன்னொரு ஃப்ளேவர் சுமாரா இருக்கும், பேர வெச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது.

கிரெயின்-ஃப்ரீங்கற வார்த்தை உள்ள என்ன இல்லைன்னு மட்டும்தான் சொல்லுது, அதுக்குப் பதிலா என்னத்த போட்டிருக்கான்னு சொல்லாது. கிபிள் மாதிரி உலர் சாப்பாட்டுல அந்த உருண்டை உருண்டையா வர்றதுக்கே ஸ்டார்ச் வேணும், அதனால தானியத்த எடுத்தா பட்டாணி, பருப்பு, உருளைன்னு ஏதாவது ஒண்ண நிறைய போட்டே ஆகணும். டப்பாவுக்கு அந்த கட்டாயம் கிடையாது, கறிய அரைச்சு டின்ல அடைச்சு சீல் பண்ணி வேக வெச்சிடறான். சாதாரண டப்பாலயே பல சமயம் அரிசி, பார்லி கொஞ்சம்தான் இருக்கும். அதனால டப்பால இந்த ஸ்டிக்கருக்குன்னு எக்ஸ்ட்ரா காசு குடுக்கறது எனக்கு தேவையில்லாத செலவாதான் படுது.

சரி, பின்னாடி இருக்கற லிஸ்ட்டுக்கு வருவோம். நாங்க முதல்ல ரொம்ப நாள் வாங்குன பாட்டே டைப் (மசிய அரைச்சது) டப்பால வரிசை இப்படி: சிக்கன், சிக்கன் பிராத், சிக்கன் ஈரல், பட்டாணி, பட்டாணி புரோட்டீன், முட்டைப் பவுடர், உருளை ஸ்டார்ச், குவார் கம், அப்புறம் விட்டமின் மினரல். எடை வரிசைலதான் போடணும்னு விதி, ஆனா அது தண்ணியோட சேர்த்த எடை. கறில பெரும்பகுதி தண்ணிதான், பட்டாணி புரோட்டீன்ல தண்ணி ரொம்ப கம்மி, அதனால அஞ்சாவது இடத்துல இருக்குன்னு அத லேசா எடுத்துக்கக் கூடாது. பட்டாணி, பட்டாணி புரோட்டீன், பட்டாணி நார்னு தனித்தனியா பிரிச்சு எழுதுனா ஒவ்வொண்ணும் கீழ போயிடும், மூணையும் கூட்டுனா ரெண்டாவது இடத்துக்கே வந்தாலும் வரும். குரூட் புரோட்டீன்னு போடறது நைட்ரஜன அளந்து 6.25 ஆல பெருக்கற கணக்கு, அது கறிலேந்து வந்துச்சா பட்டாணிலேந்து வந்துச்சான்னு அந்த நம்பருக்கு தெரியாது.

குவார் கம்ம பாத்து பயப்படறவங்க இருக்காங்க. அது நம்ம கொத்தவரங்காய் விதைலேந்து எடுக்கறதுதான், கெட்டியா பிடிச்சு நிக்கறதுக்குப் போடறாங்க. சில டப்பால கராஜீனன், அகர் அகர் இருக்கும், ரெண்டுமே கடல்பாசிலேந்து வர்றது. லட்டுவுக்கு கம் ரெண்டு மூணு வகை ஒண்ணா கலந்த டப்பா போட்டா மோஷன் இளகிடும், ஒரே ஒரு வகைன்னா பரவால்ல.

முன்னாடி இருக்கற பேருக்கும் கணக்கு இருக்கு, இது தெரிஞ்சதுக்கு அப்புறம் ஷாப்பிங் ரொம்ப ஈஸி. "சிக்கன் டாக் ஃபுட்"னு மட்டும் இருந்தா சேர்க்கற தண்ணி போக 95 சதவீதம் சிக்கன் இருக்கணும். டின்னர், என்ட்ரே, ஃபார்முலான்னு பின்னாடி ஒட்டியிருந்தா 25 போதும். "வித் டக்"னு போட்டா வாத்து 3 சதவீதம். ஃப்ளேவர்னு போட்டா சதவீதமே கிடையாது, நாய்க்கு அந்த ருசி தெரிஞ்சா சரி. வாத்து என்ட்ரே, ஆட்டுக்கறி டின்னர்னு காசு குடுத்து வாங்கி லிஸ்ட்ட திருப்பிப் பாத்தா சிக்கன் பிராத்தும் சிக்கன் ஈரலும் ரெண்டாவது மூணாவது இடத்துல உக்காந்திருக்கும்.

அரிப்பு விஷயத்துல இது பெரிய தலைவலி. 2016ல வந்த ஒரு ஆய்வுத் தொகுப்புல உணவு அலர்ஜி உறுதியான நாய்கள்ல பீஃப் 34, பால் 17, சிக்கன் 15, கோதுமை 13 சதவீதம்னு போட்டிருக்காங்க, அதாவது தானியத்த விட கறிதான் அதிகமா மாட்டுது. எங்க வெட் (நாய் டாக்டர்) எட்டு வாரம் ஹைட்ரோலைஸ்டு டயட், அதாவது அலர்ஜி கிளப்பாத அளவுக்கு புரோட்டீன பொடிப்பொடியா உடைச்ச சாப்பாடு மட்டும் குடுக்கச் சொன்னாரு, பிஸ்கட் கிடையாது, சீஸ் கிடையாது, டேபிளுக்கு கீழ விழுறது கூட கிடையாது. அரிப்பு அடங்குச்சு, திரும்ப சிக்கன் குடுத்ததும் ஆரம்பிச்சிடுச்சு, சாதம் குடுத்தப்ப ஒண்ணுமே ஆகல. அந்த சமயம் மதுரைலேந்து அம்மா வந்திருந்தாங்க, "ஏண்டி, நம்ம ஊர்ல ரசஞ்சோறு தின்னு பதினஞ்சு வருஷம் இருந்துச்சே, இதுக்கு மட்டும் எதுக்கு நாலு டாலர் டப்பா"ன்னு ஒரே கேள்வி. வெறும் ரசஞ்சோறு சத்து பத்தாதுதான், ஆனா சோறு செரிக்கும்ங்கறதுல அம்மா சொன்னது சரிதான். 2013ல ஸ்வீடன் ஆளுங்க பாத்ததுல, ஸ்டார்ச் செரிக்கற அமைலேஸ் ஜீன் ஓநாய்க்கு 2 காப்பி, நாய்க்கு 4லேந்து 30 வரைக்கும் இருந்துச்சு. ஓநாய் படம் போட்ட டப்பாவ பாக்கறப்பல்லாம் இதுதான் ஞாபகம் வரும்.

இப்ப நம்பர். டப்பால புரோட்டீன் 9 சதவீதம்னு பாத்து கிபிள்ல 26 இருக்கேன்னு யோசிக்க வேணாம், தண்ணிய கழிச்சுட்டுதான் ரெண்டையும் கம்பேர் பண்ணணும். ஈரம் 78ன்னா மிச்சம் 22, 9ஐ 22ஆல வகுத்தா 41 சதவீதம் வரும். கிபிள்ல ஈரம் 10ன்னா 26ஐ 90ஆல வகுக்கணும், 29தான். வளர்ந்த நாய்க்கு ஆஃப்கோ (அமெரிக்கால கால்நடை, பெட் சாப்பாட்டுக்கு அளவுகோல் வகுக்கற சங்கம்) கேக்கற குறைஞ்சபட்சம் உலர் கணக்குல புரோட்டீன் 18, கொழுப்பு 5.5. கார்ப் பல லேபிள்ல இருக்காது, நாமதான் கழிச்சுப் பாக்கணும்: 100லேந்து ஈரம் 78, புரோட்டீன் 9, கொழுப்பு 6, நார் 1, சாம்பல் (அதாவது மினரல்) ஒரு 2ன்னு எடுத்தா 4 மிச்சம், உலர் கணக்குல 18 சதவீதம். கிரெயின்-ஃப்ரீன்னா கார்ப் இல்லன்னு நினைக்கறவங்க இந்த கணக்க ஒரு தடவ போட்டுப் பாருங்க.

இதுல இன்னொரு சூட்சுமம் இருக்கு. லேபிள்ல இருக்கறது புரோட்டீன் கொழுப்பு ரெண்டுக்கும் "குறைஞ்சபட்சம்", நிஜத்துல எவ்வளவு வேணா மேல இருக்கலாம். கலோரி கணக்குல புரோட்டீனுக்கும் கார்ப்புக்கும் கிராமுக்கு 3.5, கொழுப்புக்கு 8.5. மேல சொன்ன நம்பர போட்டா 100 கிராமுக்கு 97 கலோரி கூட வரல, ஆனா டப்பால 120 கலோரின்னு அச்சடிச்சிருக்கான். அந்த மிச்சம் எங்கேந்து வருது? கம்பெனிக்கு மெயில் போட்டு நிஜமான அனாலிசிஸ் கேட்டேன், கொழுப்பு 8க்கு மேல இருந்துச்சு, உலர் கணக்குல மூணுல ஒரு பங்கு. லட்டு வெயிட் போட்டதுக்கு காரணம் அங்கதான் இருந்துச்சு. பான்கிரியாடிடிஸ் (கணைய வீக்கம்) வந்த நாய் வெச்சிருக்கறவங்க இத கேக்காம வாங்கவே வாங்காதீங்க. அவன் சைஸுக்கு ஒரு நாளைக்கு 700 சுத்தி கலோரி வரும், 369 கிராம் டப்பா ஒண்ணு 440, அப்ப முழுக்க டப்பாலயே ஓட்டுனா தினம் ஒண்ணரைக்கு மேல, மாசம் 180 டாலர் தாண்டும். ஸ்டூ டைப்ல ஈரம் 82, 85ன்னு இருக்கும், விலை அதேதான், கலோரி குறைவு, தண்ணிக்கும் சேர்த்து காசு குடுக்கறோம்.

டிசிஎம்ங்கற இதய நோய் பத்தி சொல்லாம இத முடிக்க முடியாது, ஏன்னா காக்கருக்கு இது சீரியஸ் மேட்டர். 2018 ஜூலைல எஃப்டிஏ (அமெரிக்க உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு) விசாரணைய ஆரம்பிச்சது, இதயத் தசை மெலிஞ்சு இதயம் பெருசாகற இந்த நோய்க்கும் பட்டாணி, பருப்பு, உருளை தூக்கலா இருக்கற சாப்பாட்டுக்கும் சம்பந்தம் இருக்கான்னு. 2019 ஜூன்ல சொன்ன கணக்குல 524 ரிப்போர்ட், அதுல பேர் வந்த சாப்பாடுகள்ல 90 சதவீதத்துக்கு மேல கிரெயின்-ஃப்ரீ, 93 சதவீதத்துல பட்டாணியோ பருப்போ இருந்துச்சு, பெரும்பாலும் கிபிள்தான், டப்பா குறைவு. 2022 டிசம்பர்ல, இதுதான் காரணம்னு சொல்ல டேட்டா பத்தல, புதுசா ஏதாவது வந்தா சொல்றோம்னு நிறுத்திட்டாங்க. நிரூபிக்கலைன்னா பிரச்சனை இல்லன்னு அர்த்தம் இல்ல, நிச்சயம் விஷம்னும் அர்த்தம் இல்ல. ஆனா அமெரிக்கன் காக்கர்ல டாரின் (இதயத்துக்கு வேண்டிய ஒரு சத்து) குறைஞ்சு இதயம் கெடறது பழைய கதை, 1997லயே டாரினும் கார்னிடின்ங்கற இன்னொரு சத்தும் குடுத்து தேறினத ஆய்வு பண்ணி போட்டிருக்காங்க. நம்ம வெட் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கச் சொன்னாரு, நார்மல்தான், இருந்தாலும் லிஸ்ட்டுல முதல் அஞ்சுல பட்டாணி பருப்பு இருந்தா வேணாம்னு அத்தோட முடிவு பண்ணிட்டேன்.

மிச்சதெல்லாம் சுருக்கமா. ருசில குறையே இல்ல, தட்டு பளபளன்னு ஆயிடும். தண்ணி தனியா குறைச்சலாதான் குடிப்பான், யூரின் நல்லாவே போறான். பல்லுக்கு எந்த உபகாரமும் இல்ல, பிரஷ் பண்ணித்தான் ஆகணும். திறந்த டப்பாவ மூடி போட்டு ஃப்ரிட்ஜ்ல வெச்சு மூணு நாளைக்குள்ள தீத்துடுவோம், வாடை மட்டும் சகிச்சுக்கணும்.

இப்ப என்ன ஓடுதுன்னா, சிக்கன் சேராத டர்க்கி பாட்டே, பூசணி போட்டது, அரை டப்பா, கூட அரிசி சேர்த்த மீன் கிபிள். ஆமா, தானியம் திரும்பி வந்தாச்சு. காது இப்ப சுத்தமா இருக்கு, செலவும் பாதிக்குக் கீழ. கிபிள் எடுக்கறப்ப ஃபீடிங் ட்ரையல் பண்ணினதான்னு பாத்தேன், அது குறைஞ்சது 8 நாய்க்கு 26 வாரம் போட்டுப் பாக்கற டெஸ்ட், ரொம்ப பெரிய டெஸ்ட் இல்லதான், ஆனா பேப்பர்ல கணக்கு போட்டு மட்டும் விக்கறதுக்கு தேவலாம்.

வாங்கறப்ப கண்ணாடி போட்டுக்கிட்டாவது அந்த குட்டி எழுத்து வரிய படிங்க: "கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு"ன்னு இருக்கா, இல்ல "இன்டர்மிட்டன்ட் ஆர் சப்ளிமென்டல் ஃபீடிங்"னு இருக்கா. ரெண்டாவதுன்னா அது மேல தூவிக் குடுக்க மட்டும்தான், 95 சதவீதம் கறின்னு பெருமையா போட்டிருக்கற டப்பால நான் பாத்ததுல பல டப்பா இந்த ரகம், அதையே முழு சாப்பாடா போட்டா கால்சியம் விட்டமின் எல்லாம் அடி வாங்கும். வீட்ல குட்டி இருந்தா, அதுவும் வளர்ந்தா 32 கிலோவ தொடற ஜாதின்னா, பெரிய சைஸ் நாய்களோட வளர்ச்சிக்கும் சேர்த்துன்னு அதே வரில எழுதியிருக்கணும், ஏன்னா அதுங்களுக்கு கால்சியம் உலர் கணக்குல 1.8 சதவீதம் தாண்டக்கூடாது, அந்த வார்த்தை இல்லாத டப்பாவ ஷெல்ஃப்லயே விட்டுட்டு வந்துடுங்க.