டேயஸ் 2-ஆ, மேன்டிகோரா? இங்கிலாந்து வயலுக்கும் கடற்கரைக்கும் ஓர் அலசல்

இங்கிலாந்தில் மெட்டல் டிடெக்டரோடு வயலில் நடப்பவர்களிடம் "நல்ல மெஷின் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். பேச்சு இரண்டு பெயர்களைச் சுற்றித்தான் ஓடும். ஒன்று, பிரான்ஸின் எக்ஸ்பி நிறுவனம் 2021 கடைசியில் கொண்டுவந்த டேயஸ் 2. இன்னொன்று, அதற்கு அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவின் மைன்லேப் அறிவித்த மேன்டிகோர். எந்தக் காயில் (தரைக்கு மேல் ஆட்டும் வட்டமான தேடு சுருள்), எந்த ஹெட்போன் என்பதைப் பொறுத்து இரண்டும் ஏறக்குறைய 1,300 முதல் 1,600 பவுண்டு வரை போகும். பொழுதுபோக்குக்கு இது சின்னத் தொகை இல்லை. அதனால் வாங்குமுன் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடுவோம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் உழுத வயலிலும் மேய்ச்சல் நிலத்திலும் தேடுபவர் என்றால் டேயஸ் 2. வார இறுதி முழுக்கக் கடற்கரையில் கழிப்பவர் என்றால் மேன்டிகோர். இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் இரண்டுமே வேண்டாம்.

ஆழம் பற்றிய பேச்சு

கடைக்குப் போகிற எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு ஆழம் போகும்?" விளம்பரங்களும் இதைத்தான் முன்னே வைக்கின்றன. காயிலுக்கு 50 சதவீதம் கூடுதல் சக்தி போகிறது என்று மேன்டிகோர் பற்றி மைன்லேப் சொல்கிறது. அது உண்மையாகவே இருக்கட்டும். அதனால் ஆழம் எவ்வளவு கூடும்?

காயில் அனுப்பும் காந்தப்புலம், தூரம் கூடக்கூட அதன் மூன்றாம் அடுக்கில் வலுவிழக்கும். மண்ணுக்குள் இருக்கும் காசு அந்தப் புலத்தால் தூண்டப்பட்டுத் திருப்பி அனுப்பும் சின்னப் புலமும் அதே கதியில் தேயும். போக ஒரு மூன்று, வர ஒரு மூன்று, ஆக ஆறாம் அடுக்கு. சின்னப் பொருளை இரு மடங்கு ஆழத்தில் பிடிக்க ஏறக்குறைய 64 மடங்கு சிக்னல் வேண்டும் என்று அர்த்தம். அப்படிப் பார்த்தால் 50 சதவீதக் கூடுதல் சக்தி தருவது சில சதவீத ஆழம்தான், ஒன்றிரண்டு சென்டிமீட்டர். மண்ணின் ஈரமும் நீங்கள் காயிலைத் தரையிலிருந்து எவ்வளவு தூக்கி ஆட்டுகிறீர்கள் என்பதும் அதைவிடப் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கிவிடும்.

அதோடு உழுத வயலில் கலப்பை புரட்டிப்போட்ட மேல்மண்ணோடு நிற்பதுதான் முறை. அதற்குக் கீழே கலையாமல் கிடக்கும் அடுக்கில் தொல்லியலாளருக்குத் தேவையான தகவல் இருக்கிறது. அங்கே தோண்டி நாம் எடுக்கும் காசைவிட நாம் கலைத்துவிடும் மண் மதிப்பு மிக்கது. மேல்மண்ணில் கிடக்கும் காசைப் பிடிக்கும் ஆழம் இரண்டு மெஷினுக்கும் உண்டு. ஆகவே ஆழத்தை வைத்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது.

இரும்புக்கு நடுவே

உண்மையான போட்டி இங்கேதான். இரண்டாயிரம் ஆண்டுகளாக மனிதர் புழங்கிய இங்கிலாந்து வயல் ஒன்றில் ஆணிகள், லாட உடைசல், நீராவி உழவு எந்திரக் காலத்து எரிந்த நிலக்கரிக் கட்டி என்று எல்லாம் கலந்து கிடக்கும். நாம் தேடும் வெள்ளிக் காசு ஓர் ஆணிக்கு இரண்டு விரற்கடை தள்ளிக் கிடந்தால், பழைய டிடெக்டர் ஆணியின் சத்தத்தை முடிப்பதற்குள் காயில் காசைத் தாண்டிப் போய்விடும். ஒரு சிக்னலை முடித்து அடுத்ததற்குத் தயாராகும் இந்த வேகத்தில்தான் முதல் டேயஸ் பெயர் வாங்கியது. டேயஸ் 2 அந்த வேகத்தை விடாமல், ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் இயங்கும் வசதியையும் சேர்த்துக்கொண்டது.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இங்கே தேடப்படும் காசுகள் அவ்வளவு சின்னவை. முதலாம் எட்வர்டு காலத்து வெள்ளிப் பென்னி ஒன்றின் எடை சுமார் 1.4 கிராம். 1279-இல் தொடங்கி அவர் நாணய முறையைத் திருத்தி வட்டமான அரைப் பென்னியும் கால் பென்னியான ஃபார்திங்கும் வெளியிடும் வரை, சில்லறை தேவைப்பட்டால் பென்னியை இரண்டாகவும் நான்காகவும் வெட்டிக்கொண்டார்கள். கால் துண்டு என்றால் 0.35 கிராம், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. வெள்ளியாக இருந்தும், இவ்வளவு மெல்லிய துண்டுக்கு, எந்த உலோகம் என்று ஊகிக்க மெஷின் திரையில் காட்டும் எண், பெரிய வெள்ளிக் காசுக்குரிய அளவுக்கு உயராது. மடித்த அலுமினியத் தாளின் எண்ணுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அதுவும் ஆணிக்குப் பக்கத்தில் கிடந்தால், ஒரு திசையில் ஆட்டும்போது மட்டும் "டிக்" என்று ஒரு சின்னக் கீச்சு கேட்கும், அவ்வளவுதான்.

அந்தக் கீச்சைக் கேட்கவைப்பதில் டேயஸ் 2 மிஞ்சி நிற்கிறது. 9 அங்குலக் காயிலைப் போட்டு, 'ஃபாஸ்ட்' புரோகிராமில், இரும்பை முழுக்க ஊமையாக்காமல் அடித்தொண்டைச் சத்தமாக விட்டுக் கேளுங்கள். கரகரவென்று ஓடும் இரும்புச் சத்தத்துக்கு நடுவே வெள்ளியின் குரல் தனியாகத் தெறிக்கும். இதைக் கேட்டுப் பழகிய காது பிறகு வேறு மெஷினுக்குப் போக மறுக்கும்.

மேன்டிகோர் இதே பிரச்சினையைக் கண்ணால் தீர்க்கப் பார்க்கிறது. அதன் திரையில் ஒரு வரைபடம் உண்டு. இடமிருந்து வலமாக உலோகத்தின் மின்கடத்துதிறன், மேலும் கீழும் இரும்புத் தன்மை. நல்ல காசு நடுக்கோட்டில் இறுக்கமான புள்ளியாக விழும். வளைந்த ஆணி மேலோ கீழோ இழுத்துப் பூசியதுபோல் பரவும். சத்தம் நன்றாக இருந்தும் தோண்டினால் ஆணி வருகிற இடங்களில் இந்தப் படம் வீண் குழிகளை நிறையக் குறைக்கிறது, அதை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் இரும்பு மிக அடர்ந்த இடத்தில் படமும் குழம்பிவிடுகிறது. அங்கே சென்சிட்டிவிட்டியை (உணர்திறனை) இறக்கி வைத்தால்தான் மேன்டிகோர் நிதானமாகப் பேசும். திரையைப் பார்க்க நின்று நின்று போக வேண்டியிருப்பதால் ஒரு நாளில் நடக்கும் பரப்பும் குறையும்.

வயசான நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. உயர்ந்த சுருதி காதில் சரியாக விழாதவர்கள் டேயஸின் டோன்களை இறக்கி அமைத்துக்கொள்ளலாம். அப்படியும் கேட்பது சிரமம் என்றால் மேன்டிகோரின் திரை பெரிய துணை. மேலே நான் சொன்ன தீர்ப்பை அவர்கள் தயங்காமல் மாற்றிக்கொள்ளலாம்.

தோள்

டேயஸ் 2-இல் காயிலுக்கும் கைப்பிடிக்கும் நடுவே கேபிளே கிடையாது. காயிலுக்குள்ளேயே பேட்டரியும் மின்னணுவியலும் இருக்கின்றன. காயிலே சிக்னலை ஆராய்ந்து, ரேடியோ வழியாக ரிமோட்டுக்கும் ஹெட்போனுக்கும் அனுப்பிவிடுகிறது. ரிமோட்டைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு ஹெட்போனில் உள்ள சின்னப் பெட்டியை வைத்தே ஓட்டலாம். அப்போது கையில் இருப்பது சுமார் 750 கிராம். மேன்டிகோர் 1.3 கிலோ. கடையில் தூக்கிப் பார்த்தால் அரைக் கிலோ வித்தியாசம் ஒன்றுமே இல்லை. மழையில் நனைந்து கனத்த மண்ணில், பூட்ஸில் சேறு அப்பிக்கொண்டு, மதியம் மூன்று மணிக்குப் பிறகும் ஆட்டிக்கொண்டிருக்கும்போது அது எவ்வளவு என்று தோள் சொல்லும். தோள் தளர்ந்தால் காயில் தரையிலிருந்து உயரும். அப்போது ஆழமும் போய்விடும்.

உப்புத் தண்ணீர்

கடற்கரையில் கதை மாறுகிறது. உப்பு ஊறிய ஈரமணல் தானே மின்சாரம் கடத்தும். ஒற்றை அதிர்வெண்ணில் ஓடும் டிடெக்டருக்கு மணலே உலோகம் போலத் தோன்றி, காயிலை ஆட்டுகிற ஒவ்வொரு முறையும் கத்தும். பல அதிர்வெண்களில் ஒரே நேரம் கேட்கும் மெஷின், மணலின் பதிலையும் மோதிரத்தின் பதிலையும் ஒப்பிட்டு மணலைக் கழித்துவிடும். இரண்டும் இதைச் செய்கின்றன. ஆனால் அலை வந்து வந்து போகும் விளிம்பில் மேன்டிகோரின் நிதானம் எனக்கு அதிகம் பிடித்திருக்கிறது. மெல்லிய தங்கச் சங்கிலி போன்ற மிகத் தாழ்ந்த சிக்னல்களில் அது தரும் நம்பிக்கையும் கூடுதல்.

தண்ணீருக்குள் இறங்கினால் இன்னொரு சிக்கல். டேயஸின் ரேடியோ அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும். அதனால் காயிலிலிருந்து தண்டு வழியாக ரிமோட் வரை ஓர் ஆன்டெனா வயரைக் கட்ட வேண்டும். கட்டிவிட்டால் 20 மீட்டர் ஆழம் வரை தாங்கும், மூழ்கித் தேடுபவர்களுக்கு அது அருமையான கருவி. முழங்கால் தண்ணீருக்கும் மணலுக்குமாக மாறி மாறி நடப்பவருக்கு அந்த வயர் ஒரு தொல்லை. மேன்டிகோரின் காயில் ஏற்கெனவே கேபிளில் இணைந்திருப்பதால் எதையும் மாட்டாமல் நேராக இறங்கலாம். 5 மீட்டர் வரைதான் என்றாலும் நடந்து தேடுபவருக்கு அதற்கு மேல் எதற்கு?

தங்கமா, குளிர்பான டின்னின் இழுவளையமா என்று எந்த மெஷினும் பிரித்துச் சொல்லாது. இரண்டின் எண்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. மோதிரம் வேண்டுமானால் வளையங்களையும் தோண்டித்தான் ஆகவேண்டும். கூடுதல் விலை கொடுத்தால் இதிலிருந்து தப்பலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

புதியவருக்கு

துருக்கியின் நோக்டா 2022-இல் கொண்டுவந்த லெஜண்டும் பல அதிர்வெண் மெஷின்தான், 3 மீட்டர் வரை தண்ணீர் தாங்கும். விலை மேலே சொன்னவற்றில் பாதிக்கும் கீழே. மைன்லேப்பின் எக்வினாக்ஸ் 900 நடுவில் நிற்கிறது. காது பழகும் வரை விலை உயர்ந்த மெஷின் கொடுக்கும் நுட்பமான சத்தங்கள் வீணாகத்தான் போகும். மிச்சப் பணத்தில் நல்ல பின்பாயின்டர் (குழிக்குள் பொருள் இருக்கும் இடத்தைச் சுட்டும் சின்னக் கைக்கருவி), உறுதியான மண்வெட்டி, காப்பீட்டோடு வரும் என்சிஎம்டி (டிடெக்டர்காரர்களின் தேசிய அமைப்பு) உறுப்பினர் கட்டணம், கிராமப்புறம் போய்வரப் பெட்ரோல் எல்லாம் அடங்கும். நல்ல நிலத்துக்கு விவசாயியிடம் அனுமதி வாங்குவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய முதலீடு. 2009-இல் டெர்ரி ஹெர்பர்ட் ஸ்டாஃபர்ட்ஷயர் புதையலைக் கண்டுபிடித்தார். ஏறக்குறைய 4 கிலோ தங்கம். அவர் கையில் இருந்தது அன்றைக்கே பழசாகிவிட்ட ஒரு டிடெக்டர். நிலம் சரியான நிலம்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் காயிலைத் தரையில் வைக்கக்கூடாது. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அறவே கூடாது. 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி, 300 ஆண்டுக்கு மேற்பட்ட தங்க, வெள்ளிப் பொருள்களைப் பற்றி 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். ஒற்றைக் காசு அதில் வராது என்றாலும், கிடைத்த இடத்தோடு மாவட்டத் தொல்பொருள் அலுவலரிடம் பதிவு செய்வதுதான் இந்தப் பொழுதுபோக்குக்கே மரியாதை.

இதைப் படித்துவிட்டு ஊருக்கு ஒரு மெஷின் வாங்கி அனுப்பலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்தியாவில் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பு இருந்தாலே கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். இலங்கையில் அனுமதியின்றித் தொல்பொருளுக்காகத் தோண்டுவது குற்றம். அங்கே இது பொழுதுபோக்காக வளர இடமில்லை.

வாங்குமுன்

மைன்லேப் பெயரில் போலிகள் நிறைய உலவுவதால் மேன்டிகோரை அங்கீகரிக்கப்பட்ட கடையில் மட்டும் வாங்குங்கள். வாரண்டி டேயஸ் 2-க்கு ஐந்து ஆண்டு, மேன்டிகோருக்கு மூன்று. பயன்படுத்திய டேயஸ் என்றால் காயிலின் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று கேளுங்கள். அதன் சார்ஜர் கிளிப்புகள் எல்லாம் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

இன்னும் முடிவெடுக்க முடியவில்லை என்றால், கிளப் ஒன்று நடத்தும் குழுத் தேடலுக்குப் போங்கள். இரண்டு மெஷினும் அங்கே கண்டிப்பாக இருக்கும், அன்பாகக் கேட்டால் கொஞ்ச நேரம் ஆட்டிப் பார்க்கக் கொடுப்பார்கள். துருப்பிடித்த ஆணி இரண்டும் ஒரு சின்ன வெள்ளிக் காசும் கொண்டு போங்கள். காசை ஆணிகளுக்கு நடுவே புல்லில் வைத்து, நான்கு திசையிலிருந்தும் இரண்டு காயிலையும் ஆட்டுங்கள். எது உங்கள் காதுக்குக் காசைச் சொல்கிறதோ அதை வாங்குங்கள்.