குவார்ட்டர் பன்னியைப் பன்றியாக்கிய சேவை

ஒலிப்பதிவை ஏற்றினால் தமிழில் எழுதித் தரும் ஒரு கட்டணச் சேவையை மூன்று மாதம் பயன்படுத்திப் பார்த்தேன். பெயர் போடவில்லை, போட்டால் வக்கீல் நோட்டீஸ் வருமோ என்ற பயம்தான். நான் திருநெல்வேலிக்காரன், தென்னாப்பிரிக்காவில் டர்பனில் ஒரு பல்கலைக்கழக மொழித் தொழில்நுட்ப ஆய்வகத்தில் இருக்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேகம் பிரமாதம். செய்தி வாசிப்பு, மேடைப் பேச்சு என்றால் ஒற்றுப்பிழைகூட அதிகம் இல்லை, நான் எழுதுவதைவிட நன்றாகவே எழுதுகிறது.

ஆனால் எங்களுக்கு வேண்டியது மேடைத்தமிழ் இல்லை. 1860இல் ட்ரூரோ கப்பலில் தொடங்கி சர்க்கரைத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் பேத்திகள், கொள்ளுப்பேத்திகள் பேசும் தமிழ். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு ஆயா சமையலைப் பற்றி மணிக்கணக்கில் பேசித் தந்தார். அதில் ஓரிடத்தில், புரட்டாசி மாசம் பீன்ஸ் போட்ட குவார்ட்டர் பன்னிதான் சாப்பிடுவேன் என்கிறார். இங்கே பன்னி என்றால் பன்னி சௌ, ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பை ஊற்றித் தருவது, கால் ரொட்டி என்றால் குவார்ட்டர். (முதல் தடவை கேட்டபோது நானும் வேறு குவார்ட்டரைத்தான் நினைத்தேன்.) அந்தச் சேவை அதைப் 'பன்றி' என்று திருத்திவிட்டது. விரதம் இருக்கும் மனுஷி புரட்டாசியில் பன்றி சாப்பிட்டதாகக் கோப்பில் நிற்கிறது. ஆயாவிடம் வாசித்துக் காட்டினேன், "அய்யய்யோ, அதை அழிச்சிடு கண்ணு" என்றார்.

இது தவறிக் கேட்டதால் வந்த பிழை என்றால் மன்னித்திருப்பேன். காதில் சரியாகத்தான் விழுந்திருக்கிறது, பேச்சை எழுத்துத்தமிழாக்குகிறேன் என்று கிளம்பியதுதான் வினை. 'வந்தாவ' 'வந்தார்கள்' ஆகிறது, 'மீலி மாவு' (இங்கே மக்காச்சோள மாவுக்குப் பெயர்) 'மீள மாவு' ஆகிறது. எதைப் பதிவு செய்ய வந்தோமோ அதையே கழுவித் துடைத்துத் தருகிறது, அதை நிறுத்த ஒரு பொத்தானும் இல்லை.

விளம்பரத்தில் போடும் துல்லிய விழுக்காட்டையும் நம்பிவிட வேண்டாம், அது யாருடைய தமிழில் எடுத்த அளவு என்று எங்கும் இல்லை. தமிழில் சொல்லை எண்ணிப் பிழை பார்ப்பதே தகராறு. ஆயா சொன்ன 'வந்துகிட்டிருந்தாங்க'வை இயந்திரம் 'வந்துகிட்டு இருந்தாங்க' என்று பிரித்து எழுதினால், ஒரு சொல்லுக்கு ஒரு மாற்றம், ஒரு கூடுதல், ஆக 200 விழுக்காடு பிழை! அதனால் நாங்கள் எழுத்துக் கணக்கையும் சேர்த்தே பார்க்கிறோம்.

அப்புறம், பதிவுகள் எந்த நாட்டு சர்வரில் போய் உட்காருகின்றன என்று கேட்டேன், நேரான பதில் வரவில்லை. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில், ஆயாவிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்கிவிட்டு இப்படி விட முடியாது.

இப்போது ஆய்வகக் கணினியிலேயே, பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் என்ற மென்பொருள் ஓடுகிறது. 2022இல் ஓபன்ஏஐ இலவசமாக வெளியிட்டது, 30 வினாடித் துண்டுகளாகக் கேட்கும். பேச்சில்லாத இடத்தில் இல்லாத வாக்கியத்தை எழுதிவிடுவது அதன் ஊரறிந்த குறை, ஆகவே மௌனத்தை முன்பே வெட்டிவிடுகிறோம். அதுவும் முழுசாகச் சரியில்லைதான், ஆனால் நம் பதிவுகளைக் கொடுத்து மேலும் பழக்கலாம், ஆயாவின் குரலும் வாசலைத் தாண்டாது.

கட்டணச் சேவையில் இன்னும் கொஞ்ச நிமிடங்கள் பாக்கி கிடக்கின்றன. கோயில் ஆண்டுவிழாப் பேச்சுகளை எழுதித் தரச் சொல்லித் தலைவர் கேட்டிருக்கிறார், அதற்கு ஆகும்.