‘ஈபிஎஃப்ல காசு சும்மாதானே கிடக்கு’ என்று யாராவது வந்தால்

மலேசியாவில் வேலை செய்து ஐம்பதைத் தாண்டியவர்களும், வீட்டில் அப்படிப்பட்டவர்கள் இருப்பவர்களும் இதைப் படித்துவிடுங்கள். என் அக்கா கிள்ளானில் தனியார் மருத்துவமனைத் தாதி. அவருடைய ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) சேமிப்பிலிருந்து 12,000 ரிங்கிட்டும், கைப்பணமாக 8,000 ரிங்கிட்டும் ஒரு யூனிட் டிரஸ்ட் ஏஜெண்ட் வழியாக ஃபண்டில் போய்ச் சேர்ந்த கதை இது. (யூனிட் டிரஸ்ட் என்பது பலருடைய பணத்தைச் சேர்த்துப் பங்குகள் போன்றவற்றில் போடும் ஃபண்ட்; அதில் நமக்குரிய பங்குதான் யூனிட்.) புகார் இன்னும் நடந்துகொண்டிருப்பதால் ஏஜெண்ட் பெயரும் நிறுவனத்தின் பெயரும் வேண்டாம்.

2021 மார்ச், எம்சிஓ (கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு) கெடுபிடி கொஞ்சம் தளர்ந்திருந்த நேரம். கோயில் பழக்கத்தில் தெரிந்த தம்பிதான் ஏஜெண்டாக வந்தார். “கா, ஈபிஎஃப்ல காசு சும்மாதானே கிடக்கு. இது அமானா சஹாம் மாதிரிதான், ஆனா வருமானம் ரெண்டு மடங்கு” என்றாராம். அந்த ஒரே பேச்சில் இரண்டு பொய்.

முதலில் அமானா சஹாம், அதாவது அரசு சார்ந்த நிறுவனம் நடத்தும் யூனிட் டிரஸ்ட். நம் ஆட்கள் பலருக்கு யூனிட் டிரஸ்ட் என்றாலே அதுதான் நினைவுக்கு வரும். ‘அமானா சஹாம் மலேசியா’ என்ற ஃபண்டில் யூனிட் விலை எப்போதும் 1 ரிங்கிட், விற்பனைக் கட்டணமும் கிடையாது. ஏஜெண்டுகள் விற்பது விலை தினமும் ஏறி இறங்கும் ரகம். அக்காவுக்கு விற்றது சீனப் பங்குகளில் போடும் ஃபண்ட். சீனப் பங்குகள் அந்த பிப்ரவரியில்தான் உச்சத்தைத் தொட்டிருந்தன. ஏஜெண்ட் காட்டிய தாளில் இருந்தது முந்தைய ஒரே ஒரு வருடத்தின் வருமானம். ஐந்து வருடக் கணக்கும் இல்லை, சந்தையின் போக்கைக் காட்டும் ஒப்பீட்டுக் குறியீட்டைவிட ஃபண்ட் நன்றாகச் செய்ததா என்ற வரியும் இல்லை. அந்த ஜூலையில் சீன அரசு தனியார் டியூஷன் நிறுவனங்கள் மேல் கை வைத்ததும் விலை இன்னும் சரிந்தது. 2022-ம் விட்டுவைக்கவில்லை.

அப்புறம் அந்தச் ‘சும்மா’. சும்மா கிடந்த காசுக்கு ஈபிஎஃப் 2021-க்கு 6.10 சதவீதம் லாப ஈவு கொடுத்தது. 2022-க்கு 5.35, 2023-க்கு 5.50, 2024-க்கு 6.30. அக்கா அந்த 12,000-ஐத் தொடாமல் இருந்திருந்தால் 2024 முடிவில் 15,000-ஐ ஒட்டி இருந்திருக்கும். ஃபண்டில், சேர்த்துப் போட்ட எல்லா யூனிட்டையும் கூட்டிப் பார்த்தாலும் 8,900 சொச்சம். ஈபிஎஃப்பில் வழக்கமான (ஷரியா அல்லாத) சேமிப்புக்குக் குறைந்தது 2.5 சதவீதம் உத்தரவாதம் உண்டு. பணம் ஃபண்டுக்குப் போன நிமிடம் அந்த உத்தரவாதமும் போய்விடுகிறது. இதை ஏஜெண்ட் சொல்லவே இல்லை.

சந்தை இறங்கியது ஏஜெண்டின் குற்றமில்லை, ஒத்துக்கொள்கிறேன். என் கோபம் அதற்கு அடுத்து வந்தவற்றில்தான்.

விலை சரிந்துகொண்டிருந்தபோதே வாட்ஸாப்பில் பட்டாசுப் படத்தோடு ஒரு செய்தி: “வாழ்த்துகள்கா! உங்களுக்கு போனஸ் யூனிட் கிடைச்சிருக்கு!” அக்காவும் லாபம் என்றே நம்பினார். அந்த போனஸ் என்ன என்று பாருங்கள். கணக்கு எளிதாக இருக்க, உங்களிடம் 30,000 யூனிட், விலை 32 சென் என்று வைத்துக்கொள்வோம். மதிப்பு 9,600 ரிங்கிட். ஃபண்ட் யூனிட்டுக்கு 2 சென் பகிர்ந்தளிக்கிறது, 600 ரிங்கிட். அதே நாளில் யூனிட் விலை 30 சென்னாக இறங்கும், ஏனென்றால் அந்த 2 சென் ஃபண்டின் உள்ளிருந்துதான் வெளியே வந்தது. 600 ரிங்கிட்டுக்கு 30 சென் விலையில் 2,000 யூனிட் சேர்க்கிறார்கள். இப்போது 32,000 யூனிட், 30 சென், மதிப்பு அதே 9,600. சட்டைப்பையில் இருந்த காசை எடுத்துக் கால்சட்டைப்பையில் போட்டுவிட்டு வாழ்த்துச் சொல்கிறார்கள்! ‘யூனிட் ஸ்பிலிட்’ என்று யூனிட்டை உடைத்துப் பெருக்குவதும் இதே கூத்துதான். ‘25 சென்தான், மலிவு’ என்பதும் அர்த்தமில்லாத பேச்சு. 25 சென் ஃபண்டும் 1 ரிங்கிட் ஃபண்டும் 10 சதவீதம் ஏறினால் உங்கள் பணம் ஏறுவது ஒரே அளவுதான். யூனிட் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். மொத்த யூனிட்டை இன்றைய விலையால் பெருக்கி, கையை விட்டுப் போன தொகையோடு ஒப்பிடுங்கள். பகிர்வைக் கையில் வாங்கியிருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

கட்டணம் இன்னொரு கதை. ஈபிஎஃப் பணத்துக்கு ஏஜெண்ட் வழியாக விற்பனைக் கட்டண உச்சவரம்பு 3 சதவீதம் (கட்டணம் போக மிஞ்சி முதலீடாகும் தொகையில்தான் சதவீதக் கணக்கு), அதாவது அக்காவின் 12,000-இல் 350 ரிங்கிட் முதல் நாளே காலி. கைப்பணம் 8,000-க்கு 5.5 சதவீதம், 417 ரிங்கிட். 2023-இல் அந்தத் தம்பி வேறு நிறுவனத்துக்கு மாறினார். “பழசு சரியில்லைகா, வித்துட்டு இங்க போட்டுடுவோம்” என்றார். 5,500-க்கு இறங்கியிருந்த கைப்பண முதலீட்டை விற்று, புது நிறுவனத்தில் வாங்க வைத்தார். மறுபடியும் 5.5 சதவீதம், கிட்டத்தட்ட 290 ரிங்கிட். பழைய நிறுவனத்துக்குள்ளேயே வேறு ஃபண்டுக்கு மாறியிருந்தால் பெரும்பாலும் இந்தச் செலவு வந்திருக்காது. இதுபோக ஆண்டுக்கு 1.5 சதவீதம் அளவில் நிர்வாகக் கட்டணம் யூனிட் விலைக்குள்ளேயே கழிந்துகொண்டிருக்கும். அதற்குப் பில் வராது, அதனால் யாரும் கவனிப்பதில்லை.

ஈபிஎஃப் பணத்தை முதலீடு செய்யத்தான் வேண்டும் என்றால், 2019-இலிருந்து ஐ-அக்காவுன் என்ற ஈபிஎஃப் இணையக் கணக்கிலேயே ஐ-இன்வெஸ்ட் வசதி இருக்கிறது. நாமே ஃபண்டைத் தேர்ந்தெடுக்கலாம், விற்பனைக் கட்டணம் 0.5 சதவீதத்தைத் தாண்டாது. எந்த ஏஜெண்ட் இதைச் சொல்லுவார்?

போன மாதம் கோப்பைப் புரட்டியபோது கண்ணில் பட்டதுதான் இன்னும் ஆறவில்லை. விற்பதற்கு முன் வாடிக்கையாளருக்கு அந்த ஃபண்ட் பொருந்துமா என்று கேள்விகள் கேட்டு நிரப்ப ஒரு பாரம் உண்டு. அதில் ‘முதலீடு பெரிய அளவில் இறங்கினால் என்ன செய்வீர்கள்’ என்ற கேள்விக்கு ‘மேலும் வாங்குவேன்’ என்ற கட்டத்தில் டிக். அனுபவம் ‘ஐந்து வருடத்துக்கு மேல்’. முடிவில் ‘அதிக ஆபத்தை ஏற்பவர்’. அக்காவுக்கு அப்போது 51 வயது, வாழ்க்கையில் முதல் யூனிட் டிரஸ்ட். டிக் எல்லாம் நீல மையில், அக்காவின் கையெழுத்து மட்டும் கறுப்பு மையில். “தம்பி பெருக்கல் போட்ட இடத்துல எல்லாம் போட்டேன்” என்றார் அக்கா. வெறும் பாரத்தில் முன்கூட்டியே கையெழுத்து வாங்குவது ஏஜெண்டுகளுக்குத் தடை செய்யப்பட்ட வேலை. கேட்டால் உடனே பேனாவை மூடிவிடுங்கள்.

ஏஜெண்டின் பெயர் எஃப்ஐஎம்எம் (யூனிட் டிரஸ்ட் ஏஜெண்டுகளைப் பதிவு செய்யும் அமைப்பு) பதிவில் இருக்கிறதா என்று அதன் இணையத்தளத்திலேயே பார்க்கலாம். நம்ம தம்பி பதிவு பெற்றவர்தான், ஆகவே அதை மட்டும் நம்பிவிட வேண்டாம். ஒவ்வொரு ஃபண்டுக்கும் சில பக்கங்களில் ‘பிராடக்ட் ஹைலைட்ஸ் ஷீட்’ உண்டு. எதில் போடுகிறார்கள், யாருக்கு ஏற்றது, என்னென்ன கட்டணம் எல்லாம் அதில் இருக்கும். தராமல் மழுப்பினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஒரு நிறுவனத்தில் முதல் முறையாக வாங்குபவருக்கு 6 வேலை நாள் ‘கூலிங் ஆஃப்’ அவகாசமும் இருக்கிறது. அதற்குள் மனம் மாறினால் விற்பனைக் கட்டணமும் திரும்ப வரும். அக்காவுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

நாங்கள் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்தோம். ‘வாடிக்கையாளர் கையெழுத்திட்டுள்ளார்’ என்று இரண்டு பத்தியில் பதில். அடுத்து எஃப்எம்ஓஎஸ் என்ற நிதிப் புகார் தீர்வு அமைப்புக்கு அனுப்பியிருக்கிறோம். முன்பு முதலீட்டுப் புகார்களுக்கு சிட்ரெக் என்று இருந்தது 2025 ஜனவரியிலிருந்து இதற்குள் வந்துவிட்டது, தனிநபருக்குச் செலவில்லை. அங்கே ஆதாரமாகக் கொடுக்க எங்களிடம் இருப்பது அந்தப் பாரமும் 2023-க்குப் பிந்தைய வாட்ஸாப் செய்திகளும்தான். ‘அமானா சஹாம் மாதிரிதான்’ என்று அவர் எழுதியும் அனுப்பியிருந்த செய்தி பழைய போனோடு போய்விட்டது. உங்கள் வீட்டில் யாராவது இப்படி வாங்கியிருந்தால், போன் மாற்றுவதற்கு முன் அந்த உரையாடல்களைப் படமெடுத்து வேறெங்காவது சேமித்து வையுங்கள்.