ஹாம் ரேடியோவில் 40 மீட்டர் பேண்டுக்கு (7 மெகாஹெர்ட்ஸ்) எது: ஒற்றை 6வி6 வால்வா, 6ஏஜி7–807 வால்வு ஜோடியா?

மேசை மூலையில் அடங்குகிற பழைய வால்வு டிரான்ஸ்மிட்டர் வேண்டுமென்றால் கடைசியில் இரண்டு வகைதான் மிஞ்சும். அமெகோ ஏசி-1 போல, ஒரே 6வி6 வால்வே கிரிஸ்டல் ஆசிலேட்டராகவும் (குவார்ட்ஸ் துண்டால் ஃபிரீக்வன்சியை உண்டாக்குவது) இருந்து ஆன்டெனாவுக்கும் பவர் தருவது ஒன்று. ஜான்சன் வைக்கிங் அட்வெஞ்சரர் போல, 6ஏஜி7 ஆசிலேட்டருக்குப் பின்னால் பவரைப் பெருக்க 807 நிற்பது மற்றொன்று. இரண்டிலும் மோர்ஸ் மட்டும்தான். நான் எடுத்தது 807. என் சாய்வும் அந்தப் பக்கமே.

பவருக்காக அல்ல. வால்வுக்குள் போகிற பவர் (இன்புட்) 6வி6-இல் 15 வாட், 807-இல் 50 வாட்; இடையே 5 டெசிபெல் சொச்சம்தான். கேட்பவருக்கு அது ஒரு எஸ் யூனிட் (ரிசீவர் மீட்டரில் ஒரு படி, 6 டெசிபெல்) கூட வராது. எடை, செலவு, கட்டுகிற சுலபம் எல்லாவற்றிலும் 6வி6 ஜெயிக்கும். ஆனாலும் வருடக்கணக்கில் ஓட்டுவதற்கு முடிவு சொல்வது கிரிஸ்டல்.

ஒற்றை வால்வில் கிரிஸ்டல் வழியாகப் பெரிய ஆர்எஃப் கரண்ட் ஓடும். போர்க்கால எஃப்டி-243 கிரிஸ்டல் அதைத் தாங்கும். உள்ளே கெட்டியான குவார்ட்ஸ் தகடு, இருபுறமும் உலோகத் தகடு, ஸ்பிரிங் அழுத்தம். முரண்டு பிடித்தால் மூன்று திருகைக் கழற்றி, தகட்டை விளிம்பில் பிடித்துச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்தி மாட்டலாம். ஆனால் இன்று சுலபமாகக் கிடைப்பது சின்ன உலோகக் கேனில் வரும் 7.023 மெகாஹெர்ட்ஸ் எச்சி-49 கிரிஸ்டல். அதை 300 வோல்ட் 6வி6-இல் சொருகினால் சூடேறி ஃபிரீக்வன்சி நகரும், சில நேரம் விரிசலே விடும். சித்திரை வெயிலில் அறையே கொதிக்கும்போது நகர்வு இன்னும் கூடும். மோர்ஸ் கீயை அழுத்தும்போது சப்ளை வோல்ட்டேஜ் இறங்குவதும், ஆன்டெனா லோடு நேராக ஆசிலேட்டர் மேலேயே விழுவதும் சேர்ந்து, சுருதி வழுகுகிற ‘சிர்ப்’ ஆகக் காதில் விழும். லோடைக் குறைத்து, டிப்புக்குச் (பிளேட் கரண்ட் மிகக் குறைகிற இடம்) சற்று முன்பே, கண்டன்சரின் கொள்ளளவு குறைந்த பக்கத்தில் டியூனை நிறுத்தினால் ஓரளவு அடங்கும்.

ஜோடியில் 6ஏஜி7 மெதுவாக ஓடினால் போதும், பவரை 807 பார்த்துக்கொள்ளும். 6ஏஜி7-இன் ஸ்கிரீனை (வால்வுக்குள் இருக்கும் இரண்டாவது கிரிட்), வோல்ட்டேஜை நிலையாக வைக்கும் 0ஏ2 வால்வால் 150 வோல்ட்டில் கட்டிப்போடுங்கள். 300 வோல்ட் சப்ளைக்கு 8.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் சரி. கிரிஸ்டல் கரண்ட் எவ்வளவு என்று தெரிய, அதோடு சீரியஸில் 60 மில்லி ஆம்பியர் குட்டி பல்பு ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். எச்சி-49 என்றால் பல்பு துளிகூட மினுங்கக் கூடாது. மினுங்கினால் ஸ்கிரீன் வோல்ட்டேஜை இன்னும் இறக்குங்கள். எச்சி-49-இலும் உயரமான கேன் உள்ளதையே போடுங்கள், குட்டைக் கேன் வேண்டாம்.

சாமானும் இங்கே 807 பக்கம்தான். பழைய கல்யாண மைக்செட் ஆம்ப்ளிஃபையர்களில் இரண்டு 807 இருக்கும், கூடவே 230 வோல்ட், 50 சைக்கிள் டிரான்ஸ்ஃபார்மரும் வரும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் ரேடியோவோடு சேர்த்து இதையும் கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டு செட்டில் இருப்பது 115 வோல்ட், 60 சைக்கிள் டிரான்ஸ்ஃபார்மர். ஸ்டெப்-டவுன் போட்டாலும் 50 சைக்கிளில் அது அதிகம் சூடாகும். எதுவானாலும் முதல் தடவை 60 வாட் சீரியஸ் பல்பு இல்லாமல் மெயினில் சொருக வேண்டாம்.

807-இன் வம்பு இரண்டு. 6ஏஜி7-இலிருந்து வருகிற டிரைவ் நின்றால் கிரிட் பயாஸ் (வால்வின் கரண்டை அடக்கி வைக்கும் வோல்ட்டேஜ்) போய்விடும். கிரிஸ்டல் சொருகாமல் கீயை அழுத்தினால் சில நொடியில் பிளேட் சிவக்கும். அதனால் முதலில் கிரிட் கரண்ட் 3–4 மில்லி ஆம்பியர் வரட்டும், பிறகுதான் பிளேட் டிப். அடுத்தது விஎச்எஃப் பாரசிடிக் (மிக உயர்ந்த ஃபிரீக்வன்சியில் தானாக எழுகிற வேண்டாத அலைவு): டியூன் செய்யும்போது மீட்டர் காரணமில்லாமல் துள்ளும். 47 ஓம் கார்பன் ரெசிஸ்டர் மேல் நாலைந்து சுற்றுக் கம்பி சுற்றி, வால்வின் உச்சியில் பிளேட் இணைப்பாக இருக்கும் தலைக் கேப்புக்குப் போகிற ஒயரில் சேர்த்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அந்தத் தலைக் கேப்பில் 500 வோல்ட் வரை திறந்து நிற்கும். பிளீடர் ரெசிஸ்டர் (அணைத்த பிறகு கண்டன்சரில் தங்கிய சார்ஜை வடிப்பது) இல்லாத செட்டில் கை வைக்காதீர்கள். கேதோடு கீயிங், அதாவது வால்வின் கேதோடு கரண்டையே கீ வெட்டுவதால், கீயிலும் வோல்ட்டேஜ் வரும்; அதன் உலோகத்தையும் தொடக்கூடாது.

ஆன்டெனா இரண்டுக்கும் ஒன்றேதான்: 20.3 மீட்டர் டைபோல் (நடுவில் ஊட்டுகிற நேர்க் கம்பி). முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஓட்டுக்கு மேலே நேராக இழுக்க நம் செட்டிநாட்டு வீடுகளில் நீளத்துக்குப் பஞ்சமில்லை.

கையில் நல்ல எஃப்டி-243 இரண்டு மூன்று இருந்து, பத்து வாட்டுக்குள் போதும் என்றால் 6வி6 எடுங்கள், தப்பில்லை. 20 மீட்டர் பேண்டுக்கு இதே தீர்ப்பை நான் சொல்ல மாட்டேன். 807-ஐ நான் அதிகம் ஓட்டியது 40-இல்தான்.